‘காஸ்மிக் ஹாரர்’ என்று எதைச் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான, வீடியோ கேம்களில் திகில் வகைகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். வீடியோ கேம் என்றாலே பிள்ளைகளைக் கெடுக்கும் பழக்கம் என்று ஒதுக்கிவிடாமல், நாவலையும் திரைப்படத்தையும் போல அவற்றையும் வகைபிரித்து எழுதத் தமிழ் நாளிதழ் ஒன்று முன்வந்தது எனக்கு உண்மையான மகிழ்ச்சியைத் தந்தது. ஆனால் ‘காஸ்மிக் ஹாரர்’ (அண்டத்தின் முன் மனிதன் ஒரு பொருட்டே இல்லை என்ற அச்சத்தைப் பேசும் திகில் வகை) என்னும் தலைப்பின்கீழ் அக்கட்டுரை தரும் பட்டியலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கடலிலிருந்து எழுந்து வரும் பல கைகளுடைய பூதம், புரியாத மொழியில் மந்திரம் ஓதும் ரகசியக் கூட்டம், கதாநாயகனின் மனநிலை எவ்வளவு குலைந்திருக்கிறது என்று திரையோரத்தில் காட்டும் அளவுக்கோடு ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலே அந்த விளையாட்டு காஸ்மிக் ஹாரர் ஆகிவிடும் என்று கட்டுரையாளர் கொண்டிருக்கிறார். விற்பனைத் தளங்களும் தயாரிப்பு நிறுவனங்களும் இப்படித்தான் பெயர் சூட்டுகின்றன என்பதால், இதை அவர் ஒருவரின் குறையாக நான் சொல்லவில்லை. இருந்தாலும், வாசகருக்கு வழிகாட்டும் இடத்திலிருக்கும் நாளிதழ் விற்பனையாளரின் வகைப்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் நாகப்பட்டினத்தில் சிறிய கணினி மையம் ஒன்றை நடத்தி வருகிறேன். பகலெல்லாம் விண்ணப்பப் படிவங்களும் அச்சுப் பிரதிகளுமாகப் போகும். மாலையில் கல்லூரி மாணவர்கள் விளையாட வருவார்கள். எதை விளையாடலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் வகையின் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். சேமித்து வைத்த பணத்தையும் விடுமுறை நாட்களையும் அந்தப் பெயரை நம்பித்தான் செலவிடுகிறார்கள். குறுவைக்கு விதை வாங்கும் விவசாயி, மூட்டையில் தைத்திருக்கும் சீட்டைப் பார்த்துத்தான் 110 நாள் ரகமான ஆடுதுறை 43-ஐயும், 150 நாட்களுக்கு மேல் வயலில் நிற்கும் சி.ஆர். 1009-ஐயும் பிரித்தறிகிறார். சீட்டு மாறிவிட்டால் நெல் முளைக்காமல் போகாது. ஆனால் ஆற்றில் தண்ணீர் வரும் நாளை வைத்துப் போட்ட கணக்கு முழுவதும் பொய்த்துவிடும். காஸ்மிக் ஹாரர் என்ற சீட்டைப் பார்த்து ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுத்து, கடைசிவரை துப்பாக்கியால் பூதங்களைச் சுட்டுத் தள்ளி, வெற்றிக் களிப்போடு எழுந்து போகும் மாணவர் ஏமாற்றப்பட்டிருக்கிறார் என்பதே என் கருத்து.

இந்த வகையின் மூலவராகக் கருதப்படுபவர் அமெரிக்க எழுத்தாளர் எச்.பி. லவ்கிராஃப்ட் (1890–1937). 1927-இல் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழின் ஆசிரியருக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்றில், மனிதர்களுக்குப் பொதுவான விதிகளும் விருப்பங்களும் உணர்ச்சிகளும் இந்தப் பரந்த அண்டத்தில் எந்த மதிப்பும் பெறாதவை என்பதே தம் கதைகளனைத்துக்கும் அடிப்படை என்று குறிப்பிட்டார். அந்த வரையறையில் பூதத்தைப் பற்றியோ அதன் கைகளைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. அதே 1927-இல் வெளியான அவருடைய ‘தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்’ கதையில் பூதமே கிடையாது. ஒரு விவசாயியின் நிலத்தில், கிணற்றுக்கு அருகில், விண்கல் ஒன்று விழுகிறது. அதற்குள் இருந்தது எந்த நிறமாலையிலும் அடங்காத ஒரு நிறம். அந்த ஆண்டு பழங்கள் என்றுமில்லாத பருமனோடும் பளபளப்போடும் காய்த்துத் தொங்குகின்றன; வாயில் வைத்தால் கசக்கின்றன. பிறகு செடிகொடிகளும், கால்நடைகளும், கடைசியில் குடும்பத்தாரும் ஒருவர்பின் ஒருவராக உருக்குலைந்து போகிறார்கள். வந்தது எது, எதற்காக வந்தது, அந்தக் குடும்பத்தின்மீது அதற்கு என்ன பகை என்பதற்குக் கதையில் விடையே இல்லை. பகை என்ற ஒன்று அதற்கு உண்டா என்பதுகூடத் தெரியாது. அந்தப் பள்ளத்தாக்கு விரைவில் ஒரு நீர்த்தேக்கத்தில் மூழ்கப்போகிறது, நகரத்தார் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கப்போகிறார்கள் என்ற செய்தியும் கதையில் வருகிறது. எங்கோ இருக்கும் அணையின் நீரை நம்பி உழுது வாழும் நம் ஊர்க்காரர்கள் இந்தக் கதையை எந்த விளக்கமும் இல்லாமலேயே புரிந்துகொள்வார்கள்.

நம்முடைய பேய்க் கதைகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். நம் பேய்க்கு ஒரு காரணம் உண்டு. அகாலத்தில் இறந்தவர், அநியாயமாகக் கொல்லப்பட்டவர், ஆசை நிறைவேறாதவர் என்று அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது ஒருவரைக் குறிவைத்துப் பிடிக்கிறது. கேட்டால் பெயர் சொல்கிறது. கேட்டதைக் கொடுத்தால் போய்விடுகிறது. எவ்வளவு அச்சமூட்டினாலும் அந்தக் கதைகளில் மனிதன் முக்கியமானவன். அவன் செய்ததற்கு விளைவு உண்டு, விளைவுக்குப் பரிகாரம் உண்டு. காஸ்மிக் ஹாரரில் யாரும் நம்மைக் குறிவைப்பதில்லை. நம் குற்றத்துக்குத் தண்டனையாக எதுவும் வருவதில்லை. நாம் இருக்கிறோம் என்பதே அங்கே கணக்கில் வராத செய்தி. அழிவைவிட, அழிவுக்குக் காரணமாகக்கூட நாம் இல்லை என்று அறிவதுதான் இந்த வகைக்கு உரிய அச்சம்.

இதெல்லாம் நம் இலக்கியத்தில் முன்பே உண்டு என்று சில நண்பர்கள் வாதிடுகிறார்கள். அதையும் நான் ஏற்பதில்லை. காவிரி கடலோடு கலக்கும் புகார் நகரைக் கடல் கொண்டதை மணிமேகலை சொல்கிறது. ஆனால் மகனை இழந்த துயரில் சோழ மன்னன் இந்திர விழாவை மறந்ததும், அதனால் சாபம் பலித்ததும் அங்கே காரணமாகக் கூறப்படுகின்றன. கடலுக்கும் அரசனுக்கும் இடையே அறத்தின் கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. தில்லையில் அருளப்பட்டதாகச் சொல்லப்படும் திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில், நூற்றொரு கோடிக்கும் மேலாக விரிந்த அண்டங்கள் வீட்டுக்குள் நுழையும் ஒளிக்கதிரில் மிதக்கும் தூசியளவே ஆகும்படி இறைவன் பெரியோனாக நிற்கிறான். அளவைப் பொறுத்தவரை லவ்கிராஃப்ட் எழுதிய எதுவும் அந்தக் காட்சிக்கு இணையாகாது என்று உறுதியாகச் சொல்வேன். ஆனால் அந்தப் பெரியோன் அடியவனை அறிந்தவன், ஆட்கொள்பவன். ஆகவே மாணிக்கவாசகருக்கு அங்கே கண்ணீரும் அன்பும் பெருகுகின்றன. விசுவரூபத்தைக் கண்டு அருச்சுனன் நடுங்கியது உண்மைதான். அந்த உருவமும் அவனைப் பார்த்துப் பேசுகிறது, அவன் வேண்டியபடி பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. பெரியதைக் கண்டு மனிதன் சிறியவனாவது மட்டும் காஸ்மிக் ஹாரர் ஆகாது; அந்தப் பெரியதற்கு மனிதன் ஒரு பொருட்டே இல்லை என்பதும் சேர்ந்தால்தான் ஆகும்.

இனி விளையாட்டுகளுக்கு வருகிறேன். இந்த வகையை விளையாட்டாக மாற்றிய முதல் பெரிய முயற்சி கணினியில் நடக்கவில்லை. 1981-இல் கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட, சாண்டி பீட்டர்சன் வடிவமைத்த ‘கால் ஆஃப் கத்துலு’ என்ற மேசை விளையாட்டு அது. நண்பர்கள் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, கதை சொல்லி ஆடுவது. கதாபாத்திரத்தின் மனத்தெளிவுக்குப் புள்ளிகள் வைக்கும் முறை அதில்தான் புகழ்பெற்றது. ஆனால் அதிலுள்ள நுட்பமான விதி அந்தப் புள்ளிகளைவிட முக்கியமானது. அண்டத்தின் ரகசியங்களைப் பற்றிய அறிவுக்கும் அதில் ஒரு மதிப்பெண் உண்டு. அந்த அறிவு ஏற ஏற, கதாபாத்திரம் எட்டக்கூடிய மனத்தெளிவின் உச்சவரம்பு, 99-இலிருந்து அந்த அளவுக்குக் குறைந்துகொண்டே வரும். ஓய்வெடுக்கலாம், மருத்துவம் பார்க்கலாம். உச்சவரம்பு மட்டும் திரும்ப ஏறாது. அறிந்ததை அறியாததாக்க முடியாது என்பதை ஒரே ஒரு கழித்தல் கணக்கில் கொண்டுவந்துவிட்ட அந்த வடிவமைப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

வீடியோ கேம்கள் புள்ளிகளை எடுத்துக்கொண்டு விதியை விட்டுவிட்டன என்பதுதான் என் முறையீடு. 2002-இல் நிண்டெண்டோ கேம்கியூபுக்கு வந்த ‘எடர்னல் டார்க்னஸ்’ விளையாட்டில், மனநிலை குறையும்போது தொலைக்காட்சியின் ஒலி தானே குறைவதைப் போலவும், சேமித்து வைத்த ஆட்டமெல்லாம் அழிவதைப் போலவும் திரையில் காட்டி, விளையாடுபவரையே கலங்கடித்தார்கள். அந்தக் கற்பனை இன்றும் பாராட்டுக்குரியது. ஆனால் விழுந்து கிடக்கும் அரக்கனை முழுவதுமாகக் கொன்று முடித்தால் இழந்த மனநிலை அதில் திரும்பக் கிடைத்துவிடும். சுவீடனின் ஃபிரிக்ஷனல் கேம்ஸ் 2010-இல் வெளியிட்ட ‘அம்னீசியா: தி டார்க் டிசென்ட்’, இருளில் நின்றாலும் அரக்கனை உற்றுப் பார்த்தாலும் மனநிலை சரியுமாறு அமைக்கப்பட்டது, எதிரியை எதிர்க்க ஆயுதம் எதையும் தராத அதன் துணிச்சல் பெரிது. அதிலும் புதிரை விடுவித்து முன்னேறினால் மனநிலை மீண்டுவிடும். அதாவது ஒன்றில் கொலையும் மற்றொன்றில் விடை காண்பதும் மருந்தாகின்றன. அறிய அறிய மனம் குலைய வேண்டிய வகையில், அறிந்தவுடன் மனம் தெளிகிறது. இவை நல்ல திகில் விளையாட்டுகளே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஓர் அளவுக்கோடு இருப்பதால் மட்டுமே அவற்றைக் காஸ்மிக் ஹாரர் என்று அழைப்பது சரியன்று.

இந்த அளவுக்கோட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனநோயைப் பேய் பிடித்ததாகக் கருதி, நோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்த வழக்கம் நம் மாநிலத்தில் அண்மைக்காலம் வரை இருந்தது; 2001 ஆகஸ்டில் ஏர்வாடித் தீ விபத்தில் 28 பேர் அப்படிக் கட்டப்பட்ட நிலையிலேயே உயிரிழந்தார்கள். அத்தகைய வரலாறு உள்ள இடத்தில், பித்துப் பிடிப்பதை ஓர் எரிபொருள் அளவைப் போலக் காட்டும் விளையாட்டை நாளிதழ் அறிமுகம் செய்யும்போது, அது உண்மையான மனநோய்க்குத் தொடர்பில்லாத கதைமுறை என்று ஒரு வரியாவது எழுதுவது நல்லது.

பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டதற்கு 1996-இல் வந்த ‘குவேக்’ சிறந்த எடுத்துக்காட்டு. மேசை விளையாட்டை வடிவமைத்த அதே சாண்டி பீட்டர்சன் அப்போது ஐடி சாஃப்ட்வேரில் பணியாற்றினார். குவேக்கின் உருவாக்கத்தில் அவருக்கும் பங்குண்டு. லவ்கிராஃப்டின் கற்பனைத் தெய்வங்களுள் ஒன்றான ஷப்-நிக்குராத் அந்த ஆட்டத்தின் இறுதி எதிரியாக வருகிறது. குண்டுகளால் அதைக் கொல்ல முடியாது. சரியான நொடியில் அதன் உடலுக்குள்ளேயே இடம்பெயர்ந்து அதை வெடிக்கச் செய்ய வேண்டும். அதைச் செய்தால் அது சிதறிப்போகிறது, திரையில் பாராட்டு வருகிறது. லவ்கிராஃப்டின் கதையிலேயே, கடலடியிலிருந்து எழும் கத்துலு என்னும் பேருருவத்தின் தலையில் ஒரு கப்பலை மோதவில்லையா என்று சிலர் கேட்கக்கூடும். மோதுகிறார்கள், ஆனால் சிதறிய உடல் அவர்கள் கண்ணெதிரே மீண்டும் ஒன்றுகூடுகிறது, கப்பல் தப்பி ஓடுவதைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை. குவேக் மிகச் சிறந்த துப்பாக்கி விளையாட்டு. அதன் வேகத்துக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. ஆனால் கொன்று முடிக்கக்கூடிய தெய்வம், பெயரில் மட்டுமே அந்த உலகத்தைச் சேர்ந்தது.

சிக்கல் விளையாட்டு என்னும் வடிவத்திலேயே இருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். விளையாட்டு என்றால் கற்றுக்கொள்வது, தேர்ச்சி பெறுவது, வெல்வது. தோற்றால் மறுபடி தொடங்குவது. எதுவும் நம் கையில் இல்லை என்று சொல்ல வேண்டிய வகைக்கு, எல்லாவற்றையும் நம் கையில் கொடுக்கும் வடிவம் எப்படிப் பொருந்தும்? இதற்குச் சிலர் கண்ட விடைகள்தாம் இந்த வகையில் போற்றத்தக்கவை. தங்கள் கட்டுரை அந்த விடைகளைத் தொடவே இல்லை.

ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2015-இல் பிளேஸ்டேஷன் 4-க்கு வெளியிட்ட ‘பிளட்போர்ன்’ அவற்றுள் ஒன்று. தங்கள் பட்டியலிலும் அது இருந்தது. ஆனால் அரக்கர்களின் தோற்றத்துக்காக. அது யார்னம் என்ற பழங்கால நகரில் மனித ஓநாய்களை வேட்டையாடும் கதையாகத் தொடங்குகிறது. அதில் ‘இன்சைட்’ என்று ஒரு மதிப்பு உண்டு. புதிரானவற்றைக் காணக் காண அது ஏறும். ஏறினால் உலகம் மாறித் தெரிகிறது: அதுவரை வெறுமையாகத் தெரிந்த கட்டடத்தின்மேல், பல கைகளோடு பேருருவம் ஒன்று ஒட்டிக்கொண்டு கீழே நோக்குவது கண்ணுக்குப் புலனாகிறது. அது புதிதாக வரவில்லை. நாம் முதன்முதலாக அந்தத் தெருவில் நடந்தபோதும் அங்கேதான் இருந்தது. அதோடு, இன்சைட் கூடக்கூட, வெறிபிடித்துச் சாவதற்கு எதிரான தாங்குதிறன் குறைகிறது. 1981-ஆம் ஆண்டின் கழித்தல் கணக்கு இங்கே புதிய வடிவில் திரும்பி வந்திருக்கிறது. இருந்தும் இந்த ஆட்டத்தை முழுமையான காஸ்மிக் ஹாரர் என்று சொல்ல நான் தயங்குகிறேன். அந்தப் பேருருவங்களையும் போதிய பயிற்சியிருந்தால் வாளால் வெட்டி வீழ்த்திவிட முடிகிறது. வீழ்த்தியவுடன் வரும் இறுமாப்பு, இன்சைட் விதைத்த அச்சத்தைப் பெருமளவு அழித்துவிடுகிறது.

‘அம்னீசியா’வை உருவாக்கிய அதே நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ‘சோமா’வை நான் இன்னும் உயர்வாக வைப்பேன். ஆழ்கடலின் அடியில் ஓர் ஆய்வு நிலையம். மேலே வால்நட்சத்திரம் மோதியதில் பூமியின் உயிர்கள் அழிந்துவிட்டன. நிலையத்தில் மிஞ்சியிருப்பவை எவை, அவற்றை மனிதர் என்று கொள்ளலாமா என்பதுதான் கதை. மனநிலையை அளக்கும் கோடு இதில் இல்லை; லவ்கிராஃப்டின் பெயர்களும் இல்லை. வால்நட்சத்திரத்துக்கு நோக்கம் ஏதும் கிடையாது. இந்த ஆட்டத்தில் துரத்தும் அரக்கர்களும் உண்டு; ஆனால் அவை விளையாடுபவரைக் கொல்லாதபடி செய்யும் பாதுகாப்பு முறை ஒன்றை 2017 டிசம்பரில் நிறுவனமே சேர்த்தது. வேறொரு திகில் விளையாட்டில் இப்படிச் செய்தால் திகிலே காணாமல் போகும். ‘சோமா’வில் அரக்கர்களின் ஆபத்தை நீக்கிய பிறகும் அச்சம் அப்படியே நிற்கிறது, சொல்லப்போனால் இன்னும் கூர்மையாகிறது. என் மையத்தில் இதை அந்தப் பாதுகாப்பு முறையில் ஆடிய மாணவர்கள் எழுந்து போகும்போது அரக்கர்களைப் பற்றிப் பேசுவதில்லை. தாங்கள் எடுத்த முடிவுகளைப் பற்றியும், அதில் தாமாக இருந்தது யார் என்பதைப் பற்றியும் ஒருவரோடொருவர் வாதிடுகிறார்கள். காஸ்மிக் ஹாரர் என்ற பெயருக்கு இதைவிடத் தகுதியான சோதனை வேண்டுமா? அரக்கனை எடுத்துவிட்டுப் பாருங்கள். அச்சம் மிஞ்சினால் பெயர் பொருந்தும்.

மோபியஸ் டிஜிட்டலின் ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ (2019) எதிர்த்திசையில் ஒரு சான்று. 22 நிமிடங்களுக்கு ஒருமுறை சூரியன் வெடித்து, எல்லாம் அழிந்து, ஆட்டம் முதலிலிருந்து தொடங்குகிறது. மனிதருக்கும் அண்டத்துக்கும் உள்ள அளவு வேறுபாட்டை இதைவிட நேரடியாகக் காட்டிய விளையாட்டு எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அது விட்டுச்செல்லும் உணர்வு ஏற்பும் அமைதியுமே. ஆகவே அதைத் திகில் வகையில் சேர்ப்பது அந்த ஆட்டத்துக்குச் செய்யும் அநீதி. தங்கள் கட்டுரை அதைச் சேர்க்காமல் விட்டது சரியே.

கடலைச் சார்ந்த ஊர்க்காரன் என்ற முறையில் ‘டிரெட்ஜ்’ பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். நியூசிலாந்தின் பிளாக் சால்ட் கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட இந்த ஆட்டத்தில், சிறு படகோடு ஒரு தீவுக்கு வந்து சேரும் மீனவர் நாம். பகலில் மீன் பிடிக்கலாம். மீன்களைப் படகின் அறையில் இடம் வீணாகாமல் அடுக்க வேண்டும். கரைக்கு வந்து விற்றுக் கடனடைக்க வேண்டும். இருட்டிய பிறகும் கடலில் தங்கினால் பதற்றம் ஏறி, இல்லாத பாறைகள் தோன்றுகின்றன. பலரும் இந்த இரவுக் காட்சிகளுக்காகவே இதைக் காஸ்மிக் ஹாரர் என்கிறார்கள். அக்கரைப்பேட்டையிலிருந்தும் நம்பியார் நகரிலிருந்தும் வரும் பிள்ளைகள் அதற்கு அசையவில்லை. அவர்கள் வீட்டு விசைப்படகுகள் இரவுகளைக் கடலில்தான் கழிக்கின்றன. அவர்களைத் தொட்டது வேறொன்று. வலையில் சில நேரம் உருக்குலைந்த மீன்கள் வருகின்றன: கண்கள் பெருகியவை, உடல் பிளந்தவை, மீன் என்றே சொல்ல முடியாதவை. அவற்றைக் கரையிலுள்ள வியாபாரி வாங்கிக்கொள்கிறார், அதுவும் நல்ல மீனைவிடக் கூடுதல் விலைக்கு. கடலுக்குள் என்னவோ நேர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகும் எடை போடுவதும் விலை பேசுவதும் நிற்கவில்லை. தொழில் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் அந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்தி, அந்த மீனை யார் வாங்கிச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டார்கள். ஆட்டம் அதற்கு விடை சொல்வதில்லை. ‘டிரெட்ஜ்’ அந்தப் பெயருக்கு உரியது என்று நான் சொல்வதற்கு அந்த விடையின்மைதான் காரணம். ஆழத்தில் உலவும் பெரிய உருவங்கள் காரணமல்ல.

2004 டிசம்பர் 26 காலையில் எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த அலைக்குக் கோபமும் இல்லை, குறியும் இல்லை. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பாறைத் தட்டு விலகியது, அவ்வளவே. கடலம்மா கோபித்துக்கொண்டாள் என்று சொல்லி ஆறுதல் தேடியவர்களும் இருந்தார்கள்; அப்படி ஒரு காரணம் கிடைத்தால் தாங்கிக்கொள்ளலாம் என்ற ஏக்கத்தை நான் மதிக்கிறேன். காரணமே இல்லை என்று ஏற்றுக்கொண்டவர்களின் துயரம் வேறு வகையானது. காஸ்மிக் ஹாரர் என்னும் கலைவகை அந்த இரண்டாவது துயரத்தைத்தான் பேச முயல்கிறது. இந்தக் கரையில் வாழும் எனக்கு அது அயல்நாட்டுக் கேளிக்கையாகத் தோன்றவில்லை. அதனால்தான் பல கைகளுடைய பொம்மை ஒன்றை அட்டையில் அச்சிட்டு அதற்கு இந்தப் பெயரைக் கொடுப்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்தப் பெயர் இவ்வளவு பரவியதற்கு வணிகக் காரணங்களும் உண்டு. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரையிலும், ஐரோப்பாவில் 70 ஆண்டுகள் வரையிலும் பதிப்புரிமை நீடிக்கும். 1937-இல் மறைந்த லவ்கிராஃப்டின் எழுத்து இரண்டு இடங்களிலும் இப்போது பொதுவுடைமை. கத்துலுவின் பெயரையும் உருவத்தையும் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். விற்பனைத் தளமான ஸ்டீம் 2014-இல் விளையாடுபவர்களே குறிச்சொற்களைச் சேர்க்கும் வசதியைக் கொண்டுவந்த பிறகு, ‘லவ்கிராஃப்டியன்’ என்பதும் ஒரு குறிச்சொல்லாகிவிட்டது. கண்ணில் படும் உருவத்தை வைத்துத்தான் பலரும் குறிச்சொல் இடுவார்கள், அது இயல்பு. நாளிதழ் அதற்கும் அப்பால் பார்க்க வேண்டும்.

அந்தக் குறிச்சொல்லைவிடக் காஸ்மிக் ஹாரர் என்ற பெயரையே நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. லவ்கிராஃப்ட் கடுமையான இனவெறி கொண்டவர். அது அவருடைய கடிதங்களில் மட்டுமின்றிக் கதைகளிலும் பதிந்திருக்கிறது. 1928-இல் வெளியான ‘தி கால் ஆஃப் கத்துலு’ கதையில், உண்மையைக் கண்டு திரும்பிய மாலுமி ஒருவர் தெருவில் விழுகிறார். அவரைத் தூக்கிவிடுவது இரண்டு லாஸ்கர் மாலுமிகள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவர் இறந்துவிடுகிறார். லாஸ்கர் என்பது ஐரோப்பியக் கப்பல்களில் வேலை பார்த்த இந்தியப் பெருங்கடல் பகுதி மாலுமிகளைக் குறித்த பெயர். அவர்களை ஐயத்தோடு பார்க்கும்படி கதை நம்மை நடத்துகிறது. நாகப்பட்டினம் போன்ற துறைமுக ஊரில் இருந்துகொண்டு அந்த வரியைப் படிக்கும்போது, இந்தக் கதையில் அஞ்சத்தக்கவர்களாக நிறுத்தப்பட்டவர்கள் நம்மைப் போன்றவர்கள்தாம் என்பது உறைக்கிறது. உலக ஃபேன்டசி விருது அவருடைய தலைச்சிலையாக வழங்கப்பட்டு வந்ததும், 2015-இல் அதைக் கைவிடுவதாக அறிவிக்கப்பட்டதும் இதையொட்டியே. அவர் கண்ட அச்சம் பெரியது. அதைச் சொல்ல அவர் பெயர் தேவையில்லை. அயலாரைக் கண்டு அவர் கொண்ட அருவருப்பை அண்டத்தைக் கண்டு கொண்ட அச்சத்திலிருந்து பிரித்தெடுப்பதில் அண்மைக்கால விளையாட்டுகள் சில அவரைவிடத் தெளிவாக இருக்கின்றன. வடகடலின் எண்ணெய்த் துரப்பண மேடை ஒன்றில் 1975-இல் நடப்பதாக அமைந்த ‘ஸ்டில் வேக்ஸ் தி டீப்’ (2024) அத்தகையது. துளையிட்ட இடத்திலிருந்து ஏறிவரும் ஒன்று, சாதாரணத் தொழிலாளர்களைக் காரணமின்றி உருக்குலைக்கிறது. துரப்பணக் கோபுரங்களை வயல்களுக்கு நடுவே பார்த்துப் பழகிய நம் மாவட்டங்களில் அதற்கு நல்ல வாசிப்பு கிடைக்கும் என்று நம்புகிறேன்.

தங்களிடம் நான் கேட்பது இதுதான். இந்தத் தொடர் மேலும் வருமென்று அறிவித்திருக்கிறீர்கள். ஒரு விளையாட்டைக் காஸ்மிக் ஹாரர் என்று அறிமுகம் செய்யும்போது, அதில் எந்த அரக்கன் வருகிறது என்பதற்குப் பதிலாக, ஆட்டம் முன்னேற முன்னேற விளையாடுபவர் பெறும் அறிவு அவரைக் காப்பாற்றுகிறதா அல்லது மேலும் நிராதரவாக்குகிறதா என்பதை எழுதச் சொல்லுங்கள். கடைசியில் அந்த அரக்கனைக் கொன்றுவிட முடியும் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லலாம். அதைத்தான் விரும்பி வாங்குபவர்களும் இருக்கிறார்கள். இந்தப் பெயர் வயது வரம்பைக் குறிப்பதில்லை என்பதைப் பெற்றோருக்குத் தனியாகத் தெரிவிக்க வேண்டும்: ரத்தம் அதிகமில்லாத ஆட்டம் மனத்தை நெடுநாள் வாட்டக்கூடும், ரத்தம் தெறிக்கும் ஆட்டம் மறுநாளே மறந்துபோகக்கூடும். அடுத்த பட்டியலில் ‘சோமா’வுக்கு இடம் கொடுத்தால், ஆட்டத்தைத் தொடங்கும்போதே பாதுகாப்பு முறையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்ற குறிப்பையும் அதனருகே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
நாகப்பட்டினம்.